கால்வாய்க் கரையில் ஒரு குடும்பப் பந்தி

வெனிஸ் மாநகரில் பயணிகள் கூட்டம் அலைமோதும் புனித மாற்கு சதுக்கத்தை விட்டு வடக்கே நடந்தால், கன்னரேஜோ என்னும் பகுதியை அடையலாம். இங்கே கால்வாய்கள் அமைதியாயிருக்கின்றன. சன்னல்களுக்கு வெளியே கொடிகளில் துணிகள் உலர்கின்றன. இத்தகைய கரைகளில்தான் 'டிரட்டோரியா' எனப்படும் குடும்ப உணவு விடுதிகள் இருந்து வருகின்றன. சமைப்பதும் பரிமாறுவதும் பெரும்பாலும் ஒரே வீட்டாரே.

அவ்வாறான ஒரு விடுதியில் அமர்ந்த நமக்கு முதலில் வந்தது மத்தி மீன். பொரித்த மீனைக் காடியில் வதக்கிய வெங்காயத்தோடும், உலர்ந்த திராட்சையோடும் அடுக்கி, ஒரு நாளேனும் ஊறவிட்டுப் பரிமாறுகின்றனர். கடலில் பல நாள் கழிக்கும் மாலுமிகளுக்காக, மீன் கெடாதிருக்கக் கண்ட வழி அது. 1575 முதல் 1577 வரை கொள்ளைநோய் நகரை வாட்டியபோது, ஆட்சியாளர்கள் மீட்பருக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டனர். 1592-இல் அர்ச்சிக்கப்பட்ட அவ்வாலயத்தின் திருநாள் இன்றும் ஜூலை மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. அதன் முந்திய இரவு, குடும்பங்கள் படகுகளிலும் கால்வாய்க் கரைகளிலும் கூடியமர்ந்து உண்ணும் உணவுகளுள் இம்மத்தியும் ஒன்று.

அடுத்து வந்தது, காற்றில் உலர்த்திய நார்வே நாட்டுக் காட் மீன். ஊறவைத்து வேகவைத்த மீனை ஒலிவ எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் அடித்து, மக்காச்சோளக் களியுடன் தருகின்றனர். பியெத்ரோ குவெரினி என்னும் வெனிஸ் வணிகர் கப்பற்சேதத்துக்கு ஆளாகி, 1432-இல் நார்வேயின் ரோஸ்ட் தீவில் கரையொதுங்கினார். அங்குள்ள மீனவர் அவரையும் தோழரையும் தம் வீடுகளில் வைத்துப் பேணினர். அவர்வழியே இம்மீன் வெனிஸுக்கு அறிமுகமாயிற்று என்பர். பிற்காலத்தில் இறைச்சி விலக்கும் ஒறுத்தல் நாட்களுக்கு இது ஏற்ற உணவாயிற்று.

இவ்வாறு, ஏழை மாலுமியின் முன்னறிவும் அந்நியரின் விருந்தோம்பலும் ஒரே பந்தியில் நம்முன் வைக்கப்படுகின்றன. ஆனால் இப்பந்தி நிலைக்குமா? 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில், 2022-இல் 50,000 பேருக்கும் குறைவானோரே எஞ்சினர். குடியிருந்த வீடுகள் பல பயணிகளின் தங்குமிடங்களாகிவிட்டன. 2019 நவம்பர் 12 அன்று கடல்நீர் 187 சென்டிமீட்டர் உயர்ந்து நகரை மூழ்கடித்தது. 2020 அக்டோபர் முதல், கடல் பொங்கும் வேளைகளில் தடுப்பு வாயில்கள் எழுப்பப்பட்டு வெள்ளம் தடுக்கப்படுகிறது. குடும்பங்கள் வெளியேறுவதைத் தடுக்கவோ எந்த வாயிலும் இல்லை.

ஆகவே, அங்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர்க்கு ஒரு சொல். ரியால்டோ மீன் சந்தை திங்களன்று இயங்குவதில்லை. வேறொரு நாளில் செல்லுங்கள். விலைப்பட்டியலைப் பார்க்குமுன், இன்று என்ன மீன் வந்தது என்று வீட்டாரையே கேளுங்கள். அவசரமின்றி உண்ணுங்கள். பாட்டியின் கைப்பக்குவம் பேரனிடம் சேர வேண்டுமானால், அவன் அவ்வடுப்பருகே வாழ வழியிருக்க வேண்டும். அதற்கு நாம் அளிக்கும் உணவின் விலையும் சிறு துணையாகும்.