எந்திர வீரர்களும் ஒரு பெருக்கல் கணக்கும்

சதுரங்கம் ஆடுகிறீர்கள். உங்களுக்கு 16 காய்கள். எதிரே இருப்பவருக்கும் 16 காய்கள். நேற்று ஆடக் கற்றவரானாலும் பத்தாண்டுகள் ஆடியவரானாலும் இந்த எண்ணிக்கை மாறாது. இப்போது விதியைச் சற்று மாற்றுவோம். ஓர் ஆட்டத்தில் வென்றவருக்கு அடுத்த ஆட்டத்தில் ஒரு குதிரை கூடுதல்! என்ன நடக்கும்? வென்றவரே மறுபடியும் வெல்வார். குதிரைகள் பெருகும். சில நாட்களில் அவருடன் ஆட ஒருவரும் வரமாட்டார்கள்.

இணையத்தில் ஆடும் 'மெக்' விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் உண்மையாகவே உண்டு. மெக் என்பது, உள்ளே ஒரு மனிதர் அமர்ந்து ஓட்டும் ராட்சத எந்திர வீரன். போரில் வென்றால் விளையாட்டுப் பணம் கிடைக்கும். அதைக்கொண்டு வலுவான கவசமும் பீரங்கியும் வாங்கலாம். அப்படியானால், இன்று புதிதாகச் சேருபவரின் கதி என்ன?

நோட்டுப் புத்தகத்தில் ஒரு போர்

பென்சிலை எடுங்கள். புதியவரின் மெக்குக்குக் கவச வலிமை 100. ஒரு குண்டின் தாக்குதல் 10. பழையவர் ஏழு முறை கருவிகளை மேம்படுத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தாக்குதலும் கவசமும் 10 விழுக்காடு கூடின. வெறும் 10 விழுக்காடுதானே என்று தோன்றுகிறதா? 1.1ஐ ஏழு முறை பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 1.95 வரும். அதாவது தாக்குதல் 19.5, கவசம் 195.

இருவரும் மாறி மாறிச் சுடட்டும். பழையவர் 6 குண்டுகளில் புதியவரை வீழ்த்துகிறார். அதற்குள் அவர் இழப்பது 60 மட்டுமே. இரண்டாவது புதியவர் வருகிறார்; இன்னொரு 60. மூன்றாமவர், இன்னொரு 60. மூவரையும் வீழ்த்திய பிறகும் பழையவரிடம் 15 மிச்சம்! நான்காமவர்தான் அவரைச் சாய்க்க முடியும்.

காரணம் என்ன? ஒரு மெக்கின் பலம் தாக்குதலும் கவசமும் சேர்ந்த கூட்டல் அன்று, பெருக்கல். எவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது என்பதை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதால் பெருக்க வேண்டும். 1.95 × 1.95 = ஏறக்குறைய 3.8. இரண்டு மடங்குகூட இல்லாத வேறுபாடு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிட்டது. புதியவர் திறமைசாலியாக இருந்தும் தோற்பார். மனம் சலித்து விலகுவார். பிறகு பழையவருக்கும் எதிராளி கிடைக்கமாட்டார்.

எடை என்னும் கடிவாளம்

இதற்கு ஒரு நல்ல வழி 1980களில் அமெரிக்காவில் வெளிவந்த 'பேட்டில்டெக்' என்ற பலகை விளையாட்டில் இருந்தது. அதன் வழிவந்ததே 2013இல் வெளியான 'மெக்வாரியர் ஆன்லைன்'. இவற்றில் மெக்குகளின் எடை 20 டன் முதல் 100 டன் வரை. ஒவ்வொரு மெக்குக்கும் எடை வரம்பு உண்டு. எஞ்சின், கவசம், ஆயுதம், குண்டுகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பேட்டில்டெக் கணக்கைப் பாருங்கள். நடுத்தர லேசர் ஒன்றின் எடை 1 டன், தாக்குதல் 5. பெரிய பீரங்கியின் எடை 14 டன், தாக்குதல் 20. அப்படியானால் நான்கு லேசர்கள் 4 டன்னில் அதே வேலையைச் செய்யுமே! ஆனால் ஒவ்வொரு லேசரும் சுடும்போது 3 அலகு வெப்பம் உண்டாகிறது. நான்குக்கும் சேர்த்து 12. மெக்கில் ஏற்கெனவே உள்ள குளிர்விப்பான்கள் மற்ற ஆயுதங்களுக்கே சரியாகப் போய்விட்டால், புதிதாக 12 குளிர்விப்பான்கள் வேண்டும். ஒன்றுக்கு 1 டன். 4 டன் இப்போது 16 டன்! பீரங்கிக்கும் 7 அலகு வெப்பம் உண்டு. குண்டுகளையும் சுமக்க வேண்டும். ஆனால் அதன் அடி முழுவதும் ஒரே இடத்தில் விழும். லேசர்களின் அடி சிதறும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். மேம்பாடு என்பது இங்கே பரிசு அன்று, தேர்வு.

சமமானவருடன் மோது

மற்றொரு வழி, சமமானவர்களையே எதிரெதிரே நிறுத்துவது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ, சதுரங்க வீரர்களுக்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் அதை ஏற்றது. இம்முறைப்படி, 200 புள்ளி முந்தியிருப்பவர் 100க்கு 76 பங்கு பெறுவார் என எதிர்பார்க்கலாம். 400 முந்தியிருந்தால் 91. இதைத் தழுவிய முறைகளைப் பல கணினி விளையாட்டுகள் கையாளுகின்றன. வெற்றி தோல்வியை வைத்தே மதிப்பிடுவதால், கையின் திறமையும் கருவியின் பலமும் இதில் சேர்ந்தே அளக்கப்படுகின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் மெக்குக்கு 20 புள்ளிகள் தருகிறோம். தாக்குதலுக்கும் கவசத்துக்கும் பகிர்ந்து கொடுங்கள். 10 × 10 என்றால் பலம் 100. 9 × 11 என்றால் 99. புள்ளிகளைக் கூட்டாமல் இடம் மாற்றினால் பலம் ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. ஆனால் இரண்டு புள்ளிகளை இலவசமாகக் கொடுத்தால் 11 × 11 = 121!

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. 20 புள்ளிகளை எப்படிப் பிரித்தால் பலம் மிக அதிகம்? எப்படிப் பிரித்தால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்? விடையைக் கண்டுபிடித்ததும், புதிதாகச் சேரும் நண்பருக்கு நியாயமான ஒரு விளையாட்டை நீங்களே வகுத்துப் பாருங்களேன்!