கட்டில் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது... மாமாவின் விரல்தான் மடங்கவில்லை!

என் மாமாவின் இடது கை ஆள்காட்டி விரல் மடங்காது. பைக்கில் கிளட்ச் பிடிக்கும்போதும், சட்டைக்குப் பட்டன் போடும்போதும் அந்த ஒரு விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்து, ``மாமா யாரையோ காட்டிக்கொடுக்கிறார்'' என்று சிரித்திருக்கிறோம். அந்த விரலின் கதையை அவர் முழுதாகச் சொன்னது, அவர் வேலை பார்க்கும் ஃபர்னிச்சர் பட்டறைக்கு நான் போனபோதுதான்.

சென்னைப் புறநகரில் இருக்கிறது அந்தப் பட்டறை. முன்பக்கம் அறுக்கும் மெஷின், இழைக்கும் மெஷின். பின்பக்கம் நீள நீளமான மேஜைகள். அறுத்து, இழைத்து வந்த சட்டங்களையும் பலகைகளையும் பசை, ஆணி, ஸ்க்ரூ போட்டுச் சேர்த்து, கட்டிலாகவும் அலமாரியாகவும் ஆக்குவது அந்த மேஜைகளில்தான்.

``வர்றவங்க எல்லாரும் ரம்பத்தைப் பார்த்துத்தான் பயப்படுவாங்க. எனக்கு அடிபட்டது இந்த மேஜையிலம்மா'' என்றார் மாமா.

ஐந்து நிமிட அவசரம்

ஆவணி மாத முகூர்த்தம். பெண் வீட்டுச் சீருக்கு ஒரு கட்டில். சாயங்காலம் வண்டி வந்துவிடும். தலைமாட்டுப் பலகையைச் சட்டத்தோடு சேர்க்க வேண்டும்.

``கிளாம்ப் எடுத்து மாட்டினா அஞ்சு நிமிஷம் ஆகும். கையாலயே பிடிச்சுக்கிட்டு நெயில் கன்னை அழுத்தினேன். ஆணி நேரா இறங்கல. பக்கவாட்டுல பிச்சுக்கிட்டு வந்து விரல்ல ஏறிடுச்சு.''

மரத்துக்குள் கணு இருந்தாலோ, ரேகை சாய்ந்து ஓடினாலோ ஆணி அதன் போக்கிலேயே வளைந்து வெளியே வரும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் உள்ளே இருக்கும் கணு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான், ஆணி இறங்கும் இடத்திலிருந்து பிடிக்கும் கை குறைந்தது ஓரடி தள்ளியிருக்க வேண்டும் என்கிறார்கள் பாதுகாப்பு வல்லுநர்கள். அவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியாத சின்னத் துண்டு என்றால், கிளாம்ப்தான் பிடிக்க வேண்டும்.

மாமா செய்த இரண்டாவது தவறு, குறடால் ஆணியைப் பிடுங்கிவிட்டு மஞ்சளை அப்பிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் மூட்டுக்குள் சீழ் பிடித்துவிட்டது. கட்டில் சரியான நேரத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. விரல்தான் பழையபடி ஆகவில்லை.

கவனம் மட்டும் போதாது

``அப்ப எனக்கு 18 வருஷ அனுபவம். கவனமா இருக்கத் தெரியாதா? பசி, தூக்கம், அவசரம் வந்தா கவனம் போயிடும். கவனம் தப்பினாலும் கை தப்பணும். அதுக்குத்தான் ஏற்பாடு'' என்றவர், இப்போது பட்டறையில் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

மேஜை: ஒவ்வொரு மேஜையிலும் கிளாம்ப்கள் கை எட்டும் தூரத்தில் தொங்குகின்றன. தேடிப் போக வேண்டியிருந்தால் யாரும் மாட்ட மாட்டார்கள். தரையில் ஏர் குழாயும் வயரும் குறுக்கே ஓடுவதில்லை.

நெயில் கன்: விசையை அழுத்திக்கொண்டே மரத்தில் தட்டினால் படபடவென்று ஆணி பாயும் வகையும் உண்டு. முனையை முதலில் மரத்தில் வைத்து, பிறகு ஒவ்வொரு ஆணிக்கும் தனியாக விசையை அழுத்த வேண்டிய வகையும் உண்டு. இரண்டாவதுதான் பாதுகாப்பானது. ஆணி சிக்கினால், ஏர் குழாயைக் கழற்றிய பிறகே கையை வைக்க வேண்டும்.

உடை: கழுத்தில் துண்டு, தொங்கும் முழுக்கைச் சட்டை, மோதிரம், கயிறு எதுவும் கூடாது. கரடுமுரடான பலகையைத் தூக்கக் கையுறை வேண்டும். ஆனால், டிரில் போலச் சுழலும் மெஷின் பக்கம் கையுறையோடு போகக் கூடாது. நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். ஆணி அடிக்கும்போது கண்ணாடி கட்டாயம்.

தூக்குவது: அலமாரியை ஒருவர் தூக்குவதில்லை. சேர்த்து முடிக்காத பலகைகளைச் சுவரில் வெறுமனே சாய்த்து வைப்பதும் இல்லை. ஒன்று சரிந்தால் வரிசையாகச் சரியும்.

பசையும் தின்னரும்: மூடி திறந்திருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். பீடி, சிகரெட், தீப்பொறி பக்கத்தில் வரக் கூடாது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில்தான் போட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

சேர்க்கும்போது மூட்டு சரியாகப் பொருந்தாவிட்டால் தேய்ப்பார்கள். அப்போது பறக்கும் மெல்லிய மரத்தூள், மூக்கின் உட்பகுதியில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் அறிவித்தது. எனவே, தூள் கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் மெஷின், முகத்தில் பொருந்தும் மாஸ்க் இரண்டும் தேவை. வேலை முடிந்ததும் ஏர் குழாயால் சட்டையில் ஊதிக்கொள்ளும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அந்தத் தூள் மறுபடி மூச்சுக்குள்தான் போகும்.

இதெல்லாம் முதலாளி மனது வைத்துச் செய்யும் உபகாரம் அல்ல. மெஷினின் சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு, தூசியை வெளியேற்றும் வசதி, கண்ணுக்குப் பாதுகாப்பு, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கட்டாயமாக்கியது. இ.எஸ்.ஐ-யில் பதிவான தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டு ஓய்வில் இருக்கும் காலத்தில் சம்பளத்தில் 90 சதவிகிதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். மாமா அப்போது பதிவாகியிருக்கவில்லை. மூன்று மாதம் வீட்டில் அத்தையின் தையல் மெஷின்தான் சோறு போட்டது.

அடிபட்டால் என்ன செய்ய வேண்டும்?

* ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். அசையாமல் துணியால் தாங்கிக் கட்டி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.

* ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். மஞ்சள், காபித்தூள் வேண்டாம்.

* விரல் துண்டானால், அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

கிளம்பும்போது ஒரு கஸ்டமர் போன். ஸ்பீக்கரில் கேட்டது. வெள்ளிக்கிழமை சொன்ன சோபாவை வியாழக்கிழமையே தர முடியுமா என்றார். மாமா மேஜையைத் திரும்பிப் பார்த்தார். கிளாம்ப் மாட்டிய மூட்டில் பசை இன்னும் காயவில்லை.

``வெள்ளிக்கிழமைதான் சார் முடியும்'' என்றார்.

அடுத்த முறை கட்டிலோ, பீரோவோ ஆர்டர் கொடுக்கும்போது ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள். அந்த ஒரு நாளில் யாரோ ஒருவரின் விரல் இருக்கிறது.