கை பட்டால்தான் காய்க்கும் வெனிலா... காட்டுச் சொந்தங்களைக் காப்பது ஏன்?

வெனிலா கொடி வைத்தவர்கள் முதல் பூவைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான்: ‘பூ கொத்துக் கொத்தாக வருகிறது. ஒரு காய்கூட நிற்கவில்லையே, ஏன்?’ உரக்குறைவோ நோயோ காரணமில்லை. அந்தப் பூவுக்கான தேனீ நம் ஊரில் கிடையாது.

வெனிலா, ஆர்க்கிட் குடும்பத்துக் கொடி. தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பூவில் மகரந்தமும் சூல்முடியும் அருகருகே இருந்தாலும், நடுவே மெல்லிய மடல் ஒன்று திரைபோல நிற்கிறது. அதைத் தாண்டி மகரந்தம் தானாகச் சேராது. தாயகத்தில் சிலவகைத் தேனீக்கள் மட்டுமே அந்த வேலையைச் செய்கின்றன. அங்கேயும் நூறு பூவில் ஒன்றிரண்டு காய்த்தாலே அதிகம்.

1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் இதற்கு எளிய வழி கண்டான். சிறு குச்சியால் மடலைத் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்தினான். மடகாஸ்கர் முதல் கேரளா வரை இன்றும் அதே முறைதான். பூ விடியலில் விரிந்து மதியத்துக்குமேல் வாடிவிடும். எனவே, காலையிலேயே வேலையை முடிக்க வேண்டும். ஒரு கொத்தில் 8 முதல் 10 பூக்களுக்குச் செய்தால் போதும். எல்லாப் பூவையும் காய்க்கவிட்டால் காய் சிறுத்து, கொடி தளரும். காய் முதிர சுமார் 9 மாதங்கள் ஆகும்.

தேனீயின் வேலையைக் கை ஏற்றுக்கொண்டது. ஆனால், வேறொரு சிக்கல் தீரவில்லை. வெனிலாவைத் தண்டுத் துண்டுகள் மூலமே பெருக்குகிறோம். தோட்டம் தோட்டமாக நிற்பவை பெரும்பாலும் ஒரே கொடியின் நகல்கள். வேரழுகல் ஒரு கொடியை வீழ்த்தினால் மற்றவையும் தப்புவது அரிது. வடிகால் வசதி, நோயில்லாத கொடியிலிருந்து எடுத்த நடவுத்தண்டு, தொழுவுரத்தோடு கலந்த டிரைக்கோடெர்மா விரிடி ஆகியவை நோயைக் குறைக்க உதவும். எதிர்ப்புத் திறனுள்ள புது ரகத்துக்குக் காட்டு இனங்களைத்தான் நாட வேண்டும். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தில், இலையில்லாத காட்டு இனம் ஒன்றோடு வெனிலாவைக் கலந்து ஆய்வு செய்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட சொந்தம் ஒன்று நம்மிடமும் உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புதர்க்காடுகளில் படரும் ‘வெனிலா வாக்கரியே’. இலை இருக்காது, பச்சைத் தண்டைத் தூரத்தில் பார்த்தால் பிரண்டை என்றே தோன்றும். பூ வெள்ளையாக இருக்கும். ஆர்க்கிட் விதை தூள் போன்றது, அதில் சேமிப்பு உணவு இல்லை. காட்டில் அது முளைக்க ஒரு பூஞ்சாணத்தின் துணை வேண்டும். பூச்சி, பூஞ்சாணம், படர மரம் மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். புதரை அழித்தபின் கொடியை மட்டும் தொட்டியில் வளர்த்து இதை ஈடுகட்ட முடியாது.

எனவே, வேலியோரப் புதரைத் தீயிட்டுச் சுத்தம் செய்யும்முன் இப்படிப்பட்ட கொடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது படர்ந்த மரத்தோடு விட்டுவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம். நாளைய வெனிலா தோட்டத்துக்கான மருந்து அந்தப் புதரில் இருக்கலாம்.