தாளம் ஒன்று, குரல் பல

தீபாவளி நெருங்கினால் மடுல்கெல்லத் தோட்டங்களில் முதலில் கிளம்பும் பேச்சு முற்பணம்தான். எவ்வளவு தருவார்கள், எத்தனை மாதத்தில் பிடிப்பார்கள் என்பதில் லயத்துக்கு லயம் ஒரு கணக்கு இருக்கும். அந்தப் பண்டிகையின் பெயர், ‘திவாலி’ என்று, 2002இல் ஜமைக்காவில் ஒரு தாளத்துக்கு வந்து சேர்ந்தது. தாளத்தைச் செய்தவர் ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டன் என்ற கீபோர்டு கலைஞர்.

டான்ஸ்ஹால் இசை உலகில் இப்படிப்பட்ட தாளத்துக்கு ரிடிம் என்று பெயர். ஒருவர் செய்துவைத்த தாளத்தின் மேல் பத்துப் பேர் தங்கள் சொல்லையும் ராகத்தையும் ஏற்றிப் பாடுவார்கள். யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. ‘திவாலி’யில் ஷான் பால் பாடிய ‘கெட் பிஸி’ 2003இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே தாளத்தில் வெய்ன் வொண்டர் உருகினார், எலிஃபண்ட் மேன் கத்தித் தீர்த்தார். நியூயோர்க்கின் லூமிடி பாடியதும் முதல் 3 இடங்களுக்குள் வந்தது. என் ஓட்டு வெய்ன் வொண்டருக்கு. அந்தப் பரபரப்பான தாளத்தில் நிதானமாகப் பாட அவரால்தான் முடிந்தது.

இதைக் கேட்கும் நம்மவர்களுக்குக் கை தானாக எழும். முன்னே நிற்பது கைத்தட்டு. மற்ற வாத்தியமெல்லாம் அதற்குப் பின்னால்தான். நம் கும்மியில் நடப்பதும் இதுதானே? தட்டு மாறாது, பாட்டெடுப்பவர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். இந்தியக் கூலித் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்கா போய்ச் சேர்ந்தது 1845இல். கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் மன்னாரில் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்த காலமும் அதுதான். லெங்கியின் தாளம் அந்த வழியாக வந்தது என்று நான் சொல்லவில்லை. பெயர் அங்கே இருந்ததற்கு அந்தக் கப்பல்கள் காரணம்.

மலையகத்தின் ரிடிம் என்றால் தப்புதான். சருகைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, அப்புறம்தான் குச்சியை எடுப்பார்கள். ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்பு. காமன் கூத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னே போனதும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. பாட்டுக்காரர் அந்த அடியைப் பிடித்துக்கொண்டு பாடுவார்.

ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்துகிறது. ‘கெட் பிஸி’யை எழுதியவர் பட்டியலில் ஷான் பாலின் பெயரோடு மார்ஸ்டன் பெயரும் இருக்கிறது, பாட்டு விற்றால் தாளம் செய்தவருக்கும் பங்கு. இங்கே தப்படிப்பவர் திருவிழாவுக்கு வேண்டும் என்பார்கள், பந்தியில் அவரைச் சாதி பார்த்து ஒதுக்குவார்கள். திருவிழா நோட்டீசில் சவுண்ட் செட் கடையின் பெயர்கூட வருகிறது. கோயில் கமிட்டித் தலைவர்மார் அடுத்த நோட்டீசில் தப்புக்காரர் பெயரையும் போடட்டும். அச்சுக்கூலி ஏறிவிடாது.