வலி தணித்தல் பாவமன்று

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோரக் குப்பங்களிலும் செங்கல்பட்டைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நோயில்பூசுதல் அளிக்கச் செல்லும் குருக்கள் நன்கறிந்த காட்சி ஒன்றுண்டு. “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட புற்றுநோயாளி பாயில் கிடந்து முனகுவார். மருந்தில்லையா என்று கேட்டால், “இருக்கிறது சாமி, போதை மருந்தாமே, கொடுக்கப் பயமாயிருக்கிறது” என்பார் மனைவி. “ஆண்டவர் தந்த சிலுவை, சுமக்கட்டும்” என்பார் உடன்பிறந்தவர்.

இரண்டும் அன்பினின்று பிறந்த சொற்களே. ஆயினும் இரண்டும் தவறானவை.

சிலுவையைப் பற்றியதை முதலில் நோக்குவோம். 1957 பிப்ரவரி 24-ஆம் நாள், மயக்கமருந்து மருத்துவர்களுக்கு உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இக்கேள்விக்குத் தெளிவாக விடையளித்தார். வலியைத் தாமே விரும்பி ஏற்று ஒப்புக்கொடுப்பவர் ஒப்புக்கொடுக்கலாம். ஆனால் அது எவர்மீதும் விதிக்கப்பட்ட கடமையன்று. வேறு வழியில்லாதபோது, வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு தரப்படும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடுமெனினும் அதைத் தரலாம் என்றார். உயிரைப் போக்கும் எண்ணத்தோடு தருவது முற்றிலும் வேறு. பிறர் தோளில் சிலுவையை ஏற்றிவிட்டு அதைப் பக்தி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

அடுத்து மார்ஃபின். அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பதால் அச்சம் இயல்பே. ஆனால் கடும் வலிக்காக மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரத்தில் உட்கொள்பவர் அதற்கு அடிமையாவது அரிது. சாதாரண மாத்திரையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரமே. ஆகவே வலி மீண்டும் ஏறும்வரை காத்திராமல் வேளை தவறாது கொடுத்தல் வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்குரிய மருந்தையும் உடன் கேட்டு வாங்குங்கள். மருத்துவரைக் கேளாமல் அளவைக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ கூடாது.

இம்மருந்து நம் நாட்டில் எளிதில் கிடைக்காமற்போனதற்கு, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளும் ஒரு காரணம். 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று இலகுவாயிற்று. அதற்கு வெகு முன்னரே, 1993-இல், கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் அவர்தம் தோழர்களும் வலி நிவாரண மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினர். நோயாளிகள் பலரால் அங்கு வர இயலவில்லை. ஆகவே செவிலியர் வீடுகளுக்குப் போயினர். அண்டை அயலாரும் பயிற்சி பெற்று உடன் சென்றனர். அவ்வியக்கம் ஊர் ஊராகப் பரவி, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆயிற்று. மருத்துவர் கூட்டம் இல்லாத கிராமத்திலும் இது நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைச் சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை தரும் திட்டம் என்றே பலர் எண்ணுகின்றனர். படுக்கையிலிருப்போருக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிப்பதும் அதில் அடங்கும். வீடு தேடி வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நோயாளியின் நிலையைத் தெரிவியுங்கள். நோயை மறைத்து வைப்பது நம்மிடையே ஒரு கெட்ட வழக்கம்.

செவிலியர் வராத நாட்களில் பொறுப்பு வீட்டாருடையதே. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம். வாயை ஈரத்துணியால் துடைத்து உலராமல் காக்க வேண்டும். புற்றுப்புண்ணின் நாற்றத்திற்கு அஞ்சிப் பேரப்பிள்ளைகளைக் கூட அருகே விடாத வீடுகள் உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் அந்நாற்றம் வெகுவாகக் குறையும். செவிலியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நோயாளிகளைச் சந்தித்துச் செபமாலை சொல்லி வருகின்றனர், நன்று. செபம் முடிந்தபின் இருவர் மட்டும் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தால், பல இரவுகள் கண்விழித்த அந்த மனைவி சற்றுக் கண்ணயரலாம்; அல்லது மீன் கூடையோடு சந்தைக்குப் போய்வரலாம்.