உறுமுகிற மோட்டார்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகவே பேசலாம், மோட்டார் விஷயத்தில் அவசரம்தான் முதல் எதிரி.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் ஐப்பசி மழை பிடித்ததும் வீட்டுக்கு வீடு ஒரே புகார் கேட்கும். கோடையில் கிணறு வற்றி, லாரித் தண்ணீரில் காலம் ஓடியிருக்கும். மழையில் கிணறு ஊறியதும் ஆசையாக ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் உம்மென்று உறுமும், சுற்றாது. “காயில் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்ல ஆள் தயாராக இருப்பார். நம்பிவிடாதீர்கள். கருகிய வாடை இல்லாமல் உறுமுகிற மோட்டாரில் பெரும்பாலும் காயில் நன்றாகவே இருக்கும். அதைக் கருக்குவது அடுத்து நாம் செய்வதுதான்: “சுற்றுமா பார்ப்போம்” என்று ஸ்விட்சை விடாமல் போட்டுவைப்பது. சுற்றாத மோட்டார் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். சில நிமிடங்களில் காயில் வெந்துவிடும். ஆகவே உறுமல் கேட்ட நொடியே அணையுங்கள்.

ஏன் சிக்குகிறது? நம் வீடுகளில் இருக்கும் அரை ஹெச்பி செல்ஃப் பிரைமிங் மோனோபிளாக்கில், பித்தளை இம்பெல்லரின் விளிம்பு முழுக்கச் சிறு பற்கள். தண்ணீர் அந்தப் பற்களுக்குள் திரும்பத் திரும்பப் புகுந்து சுழன்று அழுத்தம் பெறுகிறது. அழுத்தம் பின்னால் கசிந்துவிடாமல் இருக்க, இம்பெல்லருக்கும் வார்ப்பிரும்பு உறைக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் விட்டிருப்பார்கள். சின்ன பம்ப் மாடித் தொட்டிவரை தண்ணீரைத் தள்ளுவது அந்த இடைவெளியின் தயவில்தான். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் துருவும் உப்பும் சேர்ந்து அடைப்பதும் அதே இடத்தைத்தான்.

நம் தண்ணீரும் அதற்குத் தோது. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கரும்பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் வைத்த பெயர் அது. பாறை உதிர்ந்த மண்ணிலும் வெடிப்புகளிலும் தங்கும் நீர் கால்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டுதான் நம் கிணற்றுக்கு வருகிறது. வாளியில் படியும் அதே வெள்ளைப் பொருக்கு பம்புக்குள்ளும் படிகிறது.

பிரிக்கும் முன் ஒரு சோதனை. மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றுங்கள். பல மாடல்களில் ஷாஃப்ட் முனையில் ஒரு காடி இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து இரு பக்கமும் மெல்ல அசையுங்கள். இளகிச் சுலபமாகச் சுற்றினால் பாதி வேலை முடிந்தது. சுலபமாகச் சுற்றியும் கரன்ட் கொடுத்தால் உறுமுகிறதென்றால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம்; பழையதில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபேரட் அளவில் எலக்ட்ரீஷியனை மாற்றச் சொல்லுங்கள்.

அசையவே இல்லையா, பிரிக்கத்தான் வேண்டும். கேட் வால்வை மூடி, தண்ணீரை வடித்து, முன்மூடி போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். சுத்தியல் நேரே பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். காகித கேஸ்கட் கிழிந்தால் அதே தடிமனில் புதிது வாங்குங்கள். சில மாடல்களில் அந்த இடைவெளியைத் தீர்மானிப்பதே கேஸ்கட்தான். இம்பெல்லரில் இரண்டு மரைத்துளைகள் இருந்தால், அவற்றில் போல்ட் ஏற்றி மாறி மாறித் திருக, அது தானாக வெளியே வரும். நெம்பாதீர்கள்.

இம்பெல்லரை வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அது உலோகத்தையும் அரிக்கும். உப்புத்தாளையும் அரத்தையும் இம்பெல்லரின் முகத்தில் வைக்கவே கூடாது. பளபளப்பாகும்தான், ஆனால் இடைவெளி அகன்றுவிடும். மோட்டார் சுற்றும், தண்ணீர் மாடிக்கு ஏறாது. இதைச் செய்து நல்ல பம்பைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். வருத்தமாக இருக்கும்.

ஷாஃப்ட்டில் இருக்கும் மெக்கானிக்கல் சீலைப் பாருங்கள். கார்பன் முகம் ஒன்றும் செராமிக் முகம் ஒன்றும் திருகைக் கற்களைப் போல ஒன்றின்மேல் ஒன்று படிந்து சுழல்கின்றன. நடுவில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலமே அவற்றைக் காக்கிறது. முகங்களில் விரல் படக்கூடாது. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டிக்கொண்டிருந்தால், திறந்த கையோடு சீலை மாற்றிவிடுங்கள். ரப்பர் வழுக்கி ஏற சோப்புத் தண்ணீர் போதும்.

திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒவ்வொரு சுற்று முறுக்கியதும் ஷாஃப்ட்டைத் திருப்பிப் பாருங்கள்; இறுகினால் அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் தளர்த்திச் சரிபார்க்க வேண்டும். ஃபேன் மூடியை மாட்டி, பிரைமிங் துளையில் தண்ணீர் நிரப்பியபின்தான் ஸ்விட்ச். வறண்டு ஓடினால் புது சீல் அன்றைக்கே போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் வராவிட்டால் ஃபுட் வால்வையும், உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்று புகுகிறதா என்பதையும் பாருங்கள். கிணற்றின் நீர்மட்டத்தையும்தான். காற்றழுத்தம் தண்ணீரை ஏற்றக்கூடிய உச்ச உயரமே சுமார் 10 மீட்டர். நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போனால் மேலே உட்கார்ந்திருக்கும் இந்த வகை மோட்டார் இழுக்காது.

முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2015 டிசம்பரைப் போல வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் வேறு கதை. வெளியே காய்ந்திருந்தாலும் ஸ்விட்சைப் போடாதீர்கள். வைண்டிங் கடையில் கொடுத்து, உலர்த்தி, இன்சுலேஷன் சோதித்த பிறகு மாட்டுங்கள். முடிந்தால் அப்போதே மேடையையும் உயர்த்திக் கட்டிவிடுங்கள். மற்றவர்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை வாரம் ஒருமுறை இரண்டு நிமிடமாவது ஓட்டினால் போதும். வற்றிய மாதங்களில் மெயினை அணைத்து, பின்பக்கக் காடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து நாலு சுற்று சுற்றிவிடுங்கள்.