எருக்கிலையில் வளரும் வெந்தய வரியன்

சித்திரை வெயிலில் யானைமலையைச் சூழ்ந்த கரம்பு நிலங்கள் காய்ந்து கிடக்கும். ஆடுமாடுகள் பெரும்பாலும் தீண்டாத எருக்கஞ்செடி மட்டும் அங்கே சாம்பல் பூத்த இலைகளுடன் நிற்கும். அதனைச் சுற்றி, வெந்தய நிறச் சிறகுகளின் நுனியில் கருமையும் வெண்புள்ளிகளும் அமைந்த வண்ணத்துப்பூச்சியொன்று தாழப் பறந்து திரியும். வெந்தய வரியன் என்பது அதன் பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758-ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற்பெயர் இட்டார். அதற்கு 3,000 ஆண்டுகட்கு முன்பே எகிப்தில் நெபாமுன் என்பாரின் கல்லறை ஓவியத்தில் அது இடம் பெற்றுவிட்டது!

பறவைகள் மிகுந்த வெளியில், இத்துணை மெல்லப் பறக்கும் பூச்சி எங்ஙனம் பிழைக்கின்றது? விடை எருக்கிலையில் உள்ளது. பெண் பூச்சி இலையின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். சில நாள்களில் வெளிவரும் புழு, முட்டையோட்டைத் தின்றபின் இலையை நாடும். எருக்கம்பாலோ நச்சுடையது, ஒட்டுந்தன்மையும் கொண்டது. சிறு புழுவின் வாய் அதில் சிக்குண்டால் உயிர் தப்புவது அரிது. ஆதலின் புழு இலையின் நரம்பையோ காம்பையோ முதலில் கடித்துப் பாலை வடியவிட்டு, அதன்பின் உண்கின்றது.

அவ்வாறு செய்தும் நஞ்சு முற்றும் நீங்குவதில்லை. உணவுடன் செல்லும் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பின்னும் தங்குகின்றது. அறியாத இளம்பறவை அப்பூச்சியை உண்டால் வாந்தியெடுக்கும்; மறுமுறை அந்நிறத்தைக் கண்டதும் விலகும். அப்பாடத்திற்கு ஒரு பூச்சியின் உயிர் விலையாகலாம். உடல் வலியதாகையால் கொத்துப்பட்டுப் பிழைப்பதும் உண்டு.

பறவையின் இவ்வச்சத்தால் வேறோர் இனமும் பயன்பெறுகின்றது. பருப்புக்கீரையை உண்டு வளரும் அவ்வினத்தில் ஆண், கரிய சிறகில் பெரிய வெண்புள்ளிகள் கொண்டது. நஞ்சில்லாத அதன் பெண்ணோ, வெந்தய வரியன்போலவே வேடம் பூண்டு திரிகின்றது!

வெந்தய வரியன் முட்டையிலிருந்து சிறகு பெற ஏறத்தாழ ஒரு திங்கள் போதும். வடதுருவத்தை அடுத்த தூந்திரப் பனிவெளியில் வாழும் சில வண்ணத்துப்பூச்சிகட்கோ இரண்டாண்டுகள் வேண்டும். அவற்றின் புழுக்கள் நெடிய குளிர்காலங்களை உறைந்து கிடந்தே கழிக்கின்றன. அங்கே அரிது வெயில். வெயிலுக்குக் குறைவில்லாத மதுரையிலோ செடி அரிதாகி வருகின்றது. வீட்டுமனைகள் பெருகும் இடங்களில் களையென்று முதலில் வெட்டப்படுவது எருக்கே. விநாயகர் சதுர்த்தியன்று மாலைக்குத் தேடப்படும் அச்செடி, மற்றை நாள்களில் பொருட்படுத்தப்படுவதில்லை. வெட்டுண்ட செடியின் இலையடியில் மஞ்சளும் வெண்மையும் கருமையுமான வரிகளுடன், மூவிணைக் கரிய கொம்புகள் தாங்கிய புழு இருக்கக்கூடும். எருக்கும் அதன் இனச்செடிகளுமே அதற்கு உணவு. அடுத்த செடி எட்டாத தொலைவில் இருப்பின், அது அவ்வாடிய இலையிலேயே பட்டினி கிடந்து மடியும்.